இந்த வாக்கியத்தைச் சொல்வது யார்? கட்டற்ற அயற்கூற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதை வாசிப்பு வகுப்பு ஒன்று நடத்துகிறேன். எந்தக் கதையை எடுத்தாலும் யாராவது ஒருவர் ஒரு வரியில் விரலை வைத்து, "இது அவ சொல்றதா, எழுத்தாளர் சொல்றதா?" என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வியும் அதன் பிள்ளைகுட்டிகளும்தான் கீழே இருப்பவை. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

நேர்க்கூற்று, அயற்கூற்று ரெண்டும் ஸ்கூல்ல படிச்சாச்சு. இந்த மூணாவது எங்கிருந்து வந்தது?

ஒரே விஷயத்தை மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம். சரோஜா என்று ஒருத்தி. முதலில் நேர்க்கூற்று: "நான் இந்த வீட்டில் இனி ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்" என்று சரோஜா நினைத்தாள். அடுத்து அயற்கூற்று: தான் அந்த வீட்டில் இனி ஒரு நாள்கூட இருக்கப்போவதில்லை என்று சரோஜா நினைத்தாள். 'நான்' போய் 'தான்' வந்தது, 'இந்த' போய் 'அந்த' வந்தது. பரீட்சையில் இரண்டு மதிப்பெண்.

இப்போது மூன்றாவது: "சரோஜா அடுப்பை அணைத்தாள். இந்த வீட்டில் இனி ஒரு நாள்கூட இருக்க முடியாது. எத்தனை வருஷம் பொறுத்தாயிற்று! நாளைக்கே அண்ணனுக்குப் போன் செய்துவிட வேண்டியதுதான்." முதல் வாக்கியம் கதைசொல்லியுடையது. அதற்குப் பின்னால் வருபவற்றுக்கு மேற்கோள் குறி இல்லை, 'என்று நினைத்தாள்' இல்லை. ஆனாலும் அவை சரோஜாவின் நெஞ்சுக்குள் ஓடுபவை என்பதில் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. இதைத்தான் கட்டற்ற அயற்கூற்று என்கிறோம். 'கட்டு' என்பது அந்த 'என்று'.

'என்று' இல்லேன்னா அது அவ நினைப்புன்னு எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?

அந்த நாலு வரியையே திரும்பப் பாருங்கள். 'இந்த வீடு': வீட்டுக்குள் நிற்பவர்தான் 'இந்த' என்பார். 'நாளைக்கே': கதையை நடந்து முடிந்ததாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் 'மறுநாளே' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். 'அண்ணன்': அவளுக்குத்தான் அண்ணன், கதைசொல்லிக்கு இல்லை. பிறகு அந்த ஆச்சரியக்குறி. கதைசொல்லி இதுவரை ஒரு தடவைகூடப் பதறவில்லை. இங்கே பதறுவது வேறு யாரோ.

தமிழில் எனக்குப் பிடித்த அடையாளங்கள் இரண்டு: உறவுமுறைப் பெயரும் மரியாதை விகுதியும். "மாமனார் வந்து உட்கார்ந்தார். கிழத்துக்கு மூணாவது காபி வேண்டும்." முதல் வாக்கியத்தில் இருந்த 'ஆர்' இரண்டாவதில் எங்கே போயிற்று? வாய் திறந்து ஒரு நாளும் சொல்ல முடியாததை மருமகள் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறாள். ஆங்கிலக் கதைக்காரருக்கு ஒருவரை 'அர்' போட்டுச் சொல்லவும் 'அன்' போட்டுச் சொல்லவும் வழியில்லை. நமக்கு வினைமுற்றின் கடைசி எழுத்திலேயே யாருடைய கண் என்று காட்டிவிடலாம். இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற வசதியை நம் கதைகள் இன்னும் முழுசாகப் பயன்படுத்தவில்லை என்பது என் குறை.

இதுக்குப் பேர் வெச்சது யார்? தமிழ்ல ஏன் ஆளுக்கொரு பேர் சொல்றாங்க?

ஜெனீவாவில் சொசூருக்கு அடுத்து வந்த மொழியியலாளர் ஷார்ல் பாலி 1912இல் பிரெஞ்சில் பெயர் வைத்தார். அந்தப் பெயரின் பொருள் 'சுதந்திர மறைமுக நடை'. ஜெர்மானியர்களுக்கு அது ஒத்துவரவில்லை. எதியன் லோர்க் என்பவர் 1921இல் 'அனுபவிக்கப்பட்ட பேச்சு' என்ற பொருளில் வேறு பெயர் வைத்தார். ஒன்று இலக்கணத்தைப் பார்த்து வைத்தது, மற்றது வாசகர் உணர்வைப் பார்த்து வைத்தது. தமிழில் பாலியின் பெயரை ஆளுக்கொரு விதமாக மொழிபெயர்க்கிறார்கள். 'அயற்கூற்று' பள்ளியிலிருந்தே பழகிய சொல் என்பதால் நான் அதை விடவில்லை.

பெயர் வருவதற்கு நூறு வருஷம் முன்பே விஷயம் வந்துவிட்டது. 1800களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கெதேயும் இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டினும் இதை எழுதிக்கொண்டிருந்தார்கள், தாங்கள் எழுதுவது இன்னதென்று தெரியாமலே.

நனவோடைங்கிறது இதைத்தானே?

இல்லை, பக்கத்து வீடு. நனவோடையின் தூய வடிவத்தில் கதைசொல்லி காணாமல் போய்விடுகிறார். பாத்திரம் 'நான்' என்று தனக்குள் பேசுகிறது. கட்டற்ற அயற்கூற்றில் கதைசொல்லி அறையை விட்டுப் போவதில்லை. 'அவள்' 'அவளே'யாகத்தான் இருப்பாள், வாக்கியத்தின் ருசி மட்டும் அவளுடையதாகிவிடும்.

வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' (1925) நாவலை நனவோடை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். திறந்து பாருங்கள். முதல் வாக்கியம், பூக்களைத் தானே வாங்கிவரப்போவதாக அந்த அம்மாள் சொன்னார் என்கிற சாதாரண அயற்கூற்று. அடுத்த வரி, வேலைக்காரப் பெண்ணுக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறதே என்கிற நினைப்பு, 'என்று' கழன்றுவிட்டது. நாவலின் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது.

சங்க இலக்கியத்துல தலைவி கூற்று, தோழி கூற்றுன்னு இருக்கே. நம்மகிட்ட ரெண்டாயிரம் வருஷமா இருக்கறதுதானே இது?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. ஆசை புரிகிறது, ஆனால் இல்லை. அகப்பாட்டில் கதைசொல்லியே கிடையாது. பாட்டு முழுக்கத் தலைவியின் வாய், அல்லது தோழியின் வாய், அல்லது செவிலியின் வாய். நாடக மேடை மாதிரி. கட்டற்ற அயற்கூற்றுக்கு இரண்டு பேர் வேண்டும், சொல்பவர் ஒருவர், சொல்லப்படுபவர் ஒருவர். இரண்டாமவர் முதலாமவரின் வாக்கியத்துக்குள் நுழைய வேண்டும்.

தற்குறிப்பேற்ற அணியையும் சிலர் கொண்டுவருவார்கள். அது நேர் எதிர்த்திசை. மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் ஆடுவதை 'வராதே' என்று கை காட்டுவதாக இளங்கோ சொல்லும்போது, கொடிக்கு அந்த எண்ணம் இல்லை. கவிஞர் தன் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். இங்கே பாத்திரம் தன் குறிப்பைக் கதைசொல்லியின்மேல் ஏற்றுகிறது.

சரி, இதனால என்ன லாபம்? 'நினைத்தாள்'னு எழுதிட்டுப் போனா குடியா முழுகிடும்?

முழுகாது. ஆனால் 'நினைத்தாள்' என்று எழுதிய மறு நொடி வாசகர் ஒதுங்கி நின்றுகொள்கிறார். 'ஓ, இது அவள் நினைப்பு. சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம்.' அந்த எச்சரிக்கைப் பலகையை எடுத்துவிட்டால் வாசகரும் அவளோடு சேர்ந்து ஏமாறுவார்.

ஆஸ்டினின் 'எம்மா' (1815) இதை நம்பியே கட்டப்பட்ட நாவல். ஊரில் யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைக்கும் பெண் எம்மா. பாதிரியார் எல்டன் தன் தோழி ஹாரியட்டை விரும்புகிறார் என்பது அவள் முடிவு. கதைசொல்லியின் சாவதானமான குரலிலேயே அது வருவதால் நாமும் நம்புகிறோம். கடைசியில் வண்டிக்குள் எல்டன் எம்மாவிடமே காதலைச் சொல்லித் தொலைக்கிறார். அன்று இரவு: கூந்தல் சுருட்டப்பட்டது, பணிப்பெண் அனுப்பப்பட்டாள், எம்மா உட்கார்ந்து வருந்தத் தொடங்கினாள். உடனே, எவ்வளவு கேவலமான காரியம் இது! ஆசைப்பட்டதெல்லாம் இப்படிக் கவிழ்ந்துவிட்டதே! கூந்தல் வரை கதைசொல்லி, 'கேவலம்' எம்மா. நடுவில் கதவு திறந்த சத்தம்கூட இல்லை.

நாவலின் பின்பாதியில் ஒரு ரகசிய நிச்சயதார்த்தமும் இருக்கிறது. அதையும் முதல் வாசிப்பில் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிறார்கள், நானும்தான். இரண்டாம் முறை படித்தால் எல்லாத் தடயமும் கண் முன்னால் கிடக்கும். எம்மா கவனிக்காததை நாமும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுத்தாளர் கருத்து எது, பாத்திரத்தோட கருத்து எதுன்னு குழம்பி யாராவது வம்புல மாட்டியிருக்காங்களா?

நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' 1856இல் பத்திரிகையில் தொடராக வந்தது. பொது ஒழுக்கத்தையும் மதத்தையும் புண்படுத்தியதாக 1857 ஜனவரியில் பாரிஸில் வழக்கு. அரசுத் தரப்பில் எர்னெஸ்ட் பினார், ஃப்ளோபேருக்காக ஜூல் செனார். கள்ளக்காதலனைச் சந்தித்துவிட்டு வந்த கதாநாயகி எம்மா (ஆஸ்டினின் எம்மா இல்லை, இவள் வேறு) கண்ணாடி முன் நின்று "எனக்கு ஒரு காதலன்!" என்று பூரிக்கும் பகுதி பினாரின் கண்ணை உறுத்தியது. கிடைக்கவே கிடைக்காது என்றிருந்த காதலின் பேரின்பங்களை ஒருவழியாக அவள் அடையப்போகிறாள் என்று அங்கே ஒரு வாக்கியம் வரும். மேற்கோள் இல்லை. இது கள்ளக்காதலுக்குப் புகழாரம் என்றார் பினார்.

'பேரின்பம்' என்பது யார் அகராதி? மலிவான காதல் கதைகளைப் படித்து வளர்ந்த எம்மாவுடையது. ஃப்ளோபேர் அதைப் புகழவில்லை, அப்படியே எடுத்து வைக்கிறார். அரசு வழக்கறிஞர் பாத்திரத்தின் நம்பிக்கையை ஆசிரியரின் தீர்ப்பாக வாசித்துவிட்டார் என்று பின்னாளில் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் போன்ற திறனாய்வாளர்கள் விளக்கினார்கள். 1857 பிப்ரவரி 7 அன்று விடுதலை, கூடவே நீதிமன்றத்தின் கண்டிப்பும்.

பினாரை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தப் பெண்ணைக் கண்டிக்க இந்தப் புத்தகத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். நல்ல வாசகர் கேட்கிற கேள்வி அது. ஒருவரும் இல்லை, கதைசொல்லி வாய் திறக்கவே மாட்டேன் என்கிறார். தீர்ப்பை வாசகரிடம் விட்டுவிடும் எழுத்து ஒரு அரசாங்கத்துக்கு எவ்வளவு தொந்தரவு என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

மொழிபெயர்க்கும்போது இது எப்படித் தப்பிப் பிழைக்கும்?

ஐரோப்பிய மொழிகளில் இதன் முதல் அடையாளம் காலம். நினைப்பு நிகழ்காலத்தில் இருந்தாலும் வாக்கியம் இறந்தகாலத்தில் நிற்கும். பிரெஞ்சில் அதற்கென்றே ஒரு இறந்தகால வடிவம் வாட்டமாக அமைந்திருக்கிறது. ஃப்ளோபேர் அதைக் கையாண்ட விதத்தைப் பற்றி ப்ரூஸ்த் 1920இல் கட்டுரையே எழுதினார். தமிழில் இந்தக் கால மாற்றத்தை அப்படியே கொண்டுவந்தால் விடிந்தது. "அவள் இனி அங்கே இருக்க முடியாதிருந்தது" என்று எழுதினால் சரோஜா பேசவில்லை, அகராதி பேசுகிறது.

கேட்டே ஹாம்பர்கர் என்ற ஜெர்மன் அறிஞர் 1957இல் ஒரு வாக்கியத்தை எடுத்துக்காட்டாக வைத்தார். பிறகு அது அந்தத் துறையில் கல்வெட்டாகிவிட்டது. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால்: 'நாளை கிறிஸ்துமஸாக இருந்தது.' நாளை எப்படி 'இருந்தது' ஆகும்? கதைக்குள் மட்டுமே நிற்கக்கூடிய இலக்கணம் என்றார் அவர். இதைத் தமிழில் இயல்பாக எழுதுங்கள்: 'நாளை கிறிஸ்துமஸ்.' வினையே இல்லை, புதிரும் இல்லை. ஒரு தலைமுறை அறிஞர்களை உட்காரவைத்த வாக்கியம் நம் மொழியில் ஒன்றுமே நடக்காதது போல் கடந்துபோகிறது.

அதனால் நான் சொல்வது: மூலத்தின் காலத்தைத் துரத்தாதீர்கள். இரண்டாவது பதிலில் சொன்ன 'இந்த', 'நாளை', உறவுப்பெயர், விகுதி இவற்றில் அந்தச் சுமையை இறக்குங்கள். மறந்தும் தெளிவுக்காக 'என்று நினைத்தாள்' சேர்க்காதீர்கள். மொழிபெயர்ப்பில் இந்த உத்தி செத்துப்போகும் இடம் பெரும்பாலும் அதுதான். சேர்ப்பவர் நல்லெண்ணத்தோடுதான் சேர்க்கிறார்.

நம்ம 'ஆம்' விகுதி இருக்கே, 'உடம்பு சரியில்லையாம்'னு. அதுவும் இதே வேலைதானே செய்யுது?

முதல் பார்வைக்கு எதிர் வேலை. 'ஆம்' போட்டவர் கையைக் கழுவிக்கொள்கிறார்: யாரோ சொன்னது, நான் பொறுப்பில்லை. கட்டற்ற அயற்கூற்று கையைக் கழுவாது, கையைக் கோத்துக்கொள்ளும்.

ஆனால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போதுதான் அழகு. "சரோஜா உலையை வைத்தாள். அத்தைக்கு முதுகு வலியாம். நேத்து கோயிலுக்கு நடந்து போனபோது எங்கே போயிற்று அந்த வலி?" வலி என்று சொன்னது மாமியார். 'ஆம்' போட்டு நொடித்தது சரோஜா. இரண்டையும் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டது கதைசொல்லி. ஒரே விகுதியில் மூன்று பேர்.

பேப்பர்ல அரசியல்வாதி பேச்சைப் போடறாங்களே, அதுவும் இதுல சேருமா?

தமிழ்ச் செய்தித்தாளில் அதற்கு ஒரு பழைய பூட்டு உண்டு. 'அவர் பேசியதாவது:' என்று திறந்து, பத்திப் பத்தியாக ஓடவிட்டு, 'இவ்வாறு அவர் பேசினார்' என்று மூடுவார்கள். தேய்ந்த வழக்கு என்று கிண்டல் செய்வோம். ஆனால் உள்ளே இருப்பதற்கு யார் பொறுப்பு என்பதில் சந்தேகமே வராது.

பூட்டுகளில் ஒன்று விழுந்துவிட்டால்தான் சிக்கல். முதல் பத்தியில் 'என்றார்' போட்டுவிட்டு, இரண்டாம் பத்தியில் "இந்தத் திட்டத்தால் விவசாயிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை" என்று வெறுமனே எழுதினால், அது அமைச்சரின் வாக்குறுதியா, நிருபர் விசாரித்து எழுதிய தகவலா? கதையில் இந்தக் கலங்கல் கலை. செய்தியில் கவனக்குறைவு, சில சமயம் கவனக்குறைவுகூட இல்லை. தீர்ப்புகளைப் படிப்பவர்களுக்கும் இதே கண் வேண்டும். மனுதாரர் தரப்பு வாதத்தைச் சுருக்கும் பத்தியை நீதிமன்றத்தின் முடிவு என்று தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

மேடையில பேசும்போது இப்படிச் செய்யலாமா?

செய்து பதவியை இழந்தவர் ஒருவர் இருக்கிறார். 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் வழிபாட்டு இடங்களும் கடைகளும் சூறையாடப்பட்டன. அதன் ஐம்பதாம் ஆண்டு நினைவாக 1988 நவம்பர் 10 அன்று பான் நகரில் மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றத்தின் தலைவர் பிலிப் யென்னிங்கர் உரையாற்றினார். சாதாரண ஜெர்மானியர்கள் ஏன் ஹிட்லர் பின்னால் போனார்கள் என்பதை விளக்க நினைத்தவர், அந்தக் காலத்து மனத்தை அதன் சொந்த வார்த்தைகளிலேயே ஓடவிட்டார். யூதர்கள் தங்களுக்கு உரியதல்லாத இடத்தை எடுத்துக்கொண்டிருக்கவில்லையா என்கிற மாதிரிக் கேள்விகள். 'என்று அன்றைக்கு நினைத்தார்கள்' என்ற கட்டு பல இடங்களில் இல்லை.

கேட்டவர்களுக்கு அது யென்னிங்கரின் வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான். பல உறுப்பினர்கள் எழுந்து வெளியேறினார்கள். மறுநாள் அவர் பதவி விலகினார். பிற்பாடு நடந்ததுதான் வினோதம். யூத சமூகத் தலைவர் இக்னாட்ஸ் பூபிஸ் அடுத்த ஆண்டு நினைவு நாளில் தன் பேச்சில் அதே உரையின் பகுதிகளை எடுத்துப் பேசினார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சில வருஷம் கழித்து அவரே இதை வெளியே சொன்னார். வாக்கியம் அதுவேதான், நிற்கிற ஆள் வேறு.

மேடையில் பேசுபவருக்குக் கதைசொல்லி என்ற முகமூடி கிடையாது. படிக்கிறவர் சந்தேகம் வந்தால் ஒரு வரி பின்னால் போய்ப் பார்ப்பார், கேட்கிறவர் போக முடியாது. அப்படியே செய்தாக வேண்டுமென்றால் குரலை மாற்றுங்கள். வீட்டில் "துரைக்குக் காபி வராம எழுந்திரிக்க முடியாது" என்று ஒருவரை நக்கலடிக்கும்போது நாம் இதைத்தான் செய்கிறோம். இழுத்துச் சொல்லும் அந்தத் தொனிதான் மேற்கோள் குறி. யென்னிங்கர் தன் உரையை ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார்.

சினிமாவுல 'என்று'ம் கிடையாது, விகுதியும் கிடையாது. அங்கே எப்படி?

1965இல் பெசாரோ திரைப்பட விழாவில் இத்தாலிய இயக்குநர் பாசோலினி இதைப் பற்றி உரையே ஆற்றினார். பாத்திரம் பார்ப்பதை அப்படியே காட்டும் ஷாட் நேர்க்கூற்று மாதிரி. பாத்திரமும் ஃபிரேமுக்குள் இருக்க, ஃபிரேமே அதன் மனநிலையில் இருந்தால்? அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று அந்தோனியோனியின் 'சிவப்புப் பாலைவனம்' (1964). அதில் மோனிகா வித்தி நடித்த பெண் மனம் உடைந்தவள். அவளை வெளியிலிருந்துதான் பார்க்கிறோம், ஆனால் தெருவோரத் தள்ளுவண்டிப் பழங்கள்கூடச் சாம்பல் நிறம். படப்பிடிப்பில் உண்மையிலேயே சாயம் பூசினார்கள். அந்தச் சாம்பல் அவள் கண்ணா, இயக்குநர் கண்ணா? அந்தப் பெண்ணின் நோயைச் சாக்காக வைத்துக்கொண்டு அந்தோனியோனி தன் பார்வையைத்தான் காட்டுகிறார் என்றார் பாசோலினி. இலக்கியத்திலும் இந்தச் சந்தேகத்தை மறக்கக் கூடாது. பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கிறேன் என்று கிளம்பி, நம் பேச்சையே அதன் வாயில் போட்டுவிடுவது சுலபம்.

என் கதையில பஞ்சாயத்து கிளார்க் பத்தி 'அவர் சிற்றுண்டி அருந்தப் புறப்பட்டார்'னு எழுதினேன். எடிட்டர் 'டிபன் சாப்பிடப் போனார்'னு மாத்திட்டார். யார் சரி?

நீங்கள் காரணத்தோடு எழுதியிருந்தால் நீங்கள். ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 1916ஆம் ஆண்டு நாவலில் சார்ல்ஸ் மாமா என்ற பெரியவர் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போவதை, 'எழுந்தருளினார்' என்று சொல்லும் அளவுக்கு ஒரு டம்பமான வினையில் எழுதியிருப்பார். சக எழுத்தாளர் விண்டம் லூயிஸ் அதைத் தேய்ந்துபோன நடை என்று கேலி செய்தார். திறனாய்வாளர் ஹ்யூ கென்னர் 1978இல் பதில் சொன்னார்: அது ஜாய்ஸின் சொல் இல்லை, சார்ல்ஸ் மாமா தன் நடையைப் பற்றித் தானே எழுதினால் போடுகிற சொல். அவர் வாய் திறக்கவில்லை, நினைக்கக்கூட இல்லை. பக்கத்தில் நின்றதாலேயே அவர் வாசனை கதைசொல்லியின் வாக்கியத்தில் ஏறிவிட்டது.

உங்கள் கிளார்க் வாழ்நாள் முழுவதும் அலுவல் குறிப்பு எழுதிக் கை பழகியவர் என்றால் அவர் 'சிற்றுண்டி அருந்த'த்தான் புறப்படுவார். ஆனால் கதையில் வேறு எல்லோரும் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்தால் எடிட்டர் சரி.

தமிழ்ல எழுவாயே இல்லாம எழுதலாமே. 'முடியாது', 'போதும்', 'வேண்டியதுதான்'. அப்ப அது 'நான்'னா, 'அவள்'னா?

மிகச் சிக்கலான கேள்வி, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். நனவோடை பற்றிய பதிலில் 'நான்' வந்தால் தன்பேச்சு, 'அவள்' வந்தால் கட்டற்ற அயற்கூற்று என்ற மாதிரி சொன்னேன். "எத்தனை பொறுத்தேன்!" என்றால் சரோஜா தானே பேசுகிறாள். "எத்தனை பொறுத்தாள்!" என்றால் கதைசொல்லியும் கூட நிற்கிறார். "எத்தனை பொறுத்தாயிற்று!" என்றால்? திணையும் எண்ணும் இடமும் பிடிகொடுக்காத முற்று. முடிவு செய்ய முடியாது, முடிவு செய்யத் தேவையும் இல்லை. இந்த மாதிரி முற்றுகளையே அடுக்கிக்கொண்டு ஒரு பக்கம் ஓட்டிவிட்டு, ஒரே இடத்தில் '-ஏன்' போட்டுப் பாருங்கள். வாசகருக்குத் தூக்கிவாரிப்போடும்.

'தான்' இன்னொரு சாவி. அயற்கூற்றில் அது 'சரோஜா'வைப் பிடித்துக்கொண்டு தொங்கும். தனி வாக்கியத்தில் "தான் என்ன குறை வைத்தாள்?" என்று வந்தால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, ஒரு மனத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அழுத்தத்துக்கு வரும் 'தான்' பக்கத்தில் இருந்து குழப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியா ஒண்ணு. அந்த வாக்கியத்துல ரெண்டு குரல் இருக்கா, இல்ல யாருமே பேசலையா?

அறிஞர்களே இரண்டு கட்சி. ராய் பாஸ்கல் 1977இல், கதைசொல்லியும் பாத்திரமும் சேர்ந்து ஒலிக்கும் இரட்டைக் குரல் என்றார். ஆன் பான்ஃபீல்ட் 1982இல், குரலே இல்லை, எந்த மனிதரும் எந்தச் சூழலிலும் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத வாக்கியம் அது, எழுத்தில் மட்டுமே உயிர் வாழ்வது என்றார். இலக்கணத்தை மட்டும் பார்த்தால் பான்ஃபீல்ட் பக்கம் சாயத் தோன்றும். ஆனால் ஆஸ்டினுடைய எம்மாவின் 'கேவலமான காரியம்' வரும் இடத்தில் யாரோ லேசாகச் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. அந்தச் சிரிப்பு எம்மாவுடையது இல்லை, அவள் வருந்திக்கொண்டிருக்கிறாள். அதனால் நான் பாஸ்கல் கட்சி. வகுப்பில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.